சாராளின் பிடரி முடி

ஆரம்பாக்கம் சர்ச்சில் பாட்டு நடத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் மாற்றலாகித் திருத்தணிப் பக்கம் போனதும் அந்த வேலை சாராளின் தலையில் வந்து விழுந்தது. சாராளுக்கு நல்ல குரல். அதைவிட, பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது யார் சுருதியை விட்டார்கள் என்று சட்டென்று பிடித்துவிடுகிற காது. போதகர் கேட்டதும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து உலை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பாட்டு நடத்துகிறவர் பாடகர் குழுவைப் பார்த்து நிற்க வேண்டும். குழுவைப் பார்த்து நின்றால் சபைக்கு முதுகைக் காட்ட வேண்டும். கையைத் தூக்கித் தூக்கித் தாளம் போட்டால் முக்காடும் தலையில் நிற்காது. அதாவது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர் மொத்தமும் உட்கார்ந்து அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பிடரிதான் அவளுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. மற்றபடி சாராளின் தலைமுடிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னல் இடுப்பைத் தாண்டும். ஆனால் கழுத்துக்கு மேலே, பின்னல் தொடங்குகிற இடத்துக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு மட்டும் முடி வளரவே வளராது. சுண்டு விரல் நீளம் வருவதற்குள் முறிந்துவிடும். முறிந்தது சும்மா படிந்தாவது கிடக்குமா என்றால் அதுவும் இல்லை. தேங்காய் நாரைப் பிய்த்து ஒட்டவைத்த மாதிரி சிலும்பிக்கொண்டு நிற்கும். கல்யாணத்தின்போது அப்படி இல்லை. இந்த இரண்டு வருஷமாகத்தான் இந்தக் கூத்து.

முதல் ஞாயிறு பாட்டு நடத்தி முடித்துவிட்டு வெளியே வந்தபோது, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்கள் இரண்டு பேர் தங்கள் பிடரியைத் தடவிக்காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். சாராள் பார்க்காத மாதிரி நடந்தாள். காது மடல் இரண்டும் சுட்டது.

அவளோடு வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு ரோசம்மாள் இதற்கெல்லாம் மருந்து வைத்திருந்தாள். செம்பருத்தி இலையை அரைத்துப் பூசச் சொன்னாள். பூசினாள். கரிசலாங்கண்ணி காய்ச்சின எண்ணெய் வைக்கச் சொன்னாள். வைத்தாள். கடைசியாகச் சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறெடுத்துப் பிடரியில் தேய்த்துக்கொண்டு, அப்படியே வேலைக்குப் போகச் சொன்னாள். அன்றைக்குக் காலை பாசஞ்சரில் சாராளுக்கு இரண்டு பக்கமும் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. எளாவூரில் ஏறின ஒருவர் பெட்டிக்குள் தலையை நீட்டி, யாராவது நாஷ்டாவுக்கு ஆம்லெட் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று கேட்டார். ரோசம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினாள்.

சாராளும் ரோசம்மாளும் கும்மிடிப்பூண்டியில் ஒரு சீப்புக் கம்பெனியில் வேலை செய்தார்கள். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டு, உள்ளே ஒரு மெஷின். அதன் அச்சுக்குள் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றினால் ஆறாறாகச் சீப்பு வந்து விழும். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் வழிந்து நிற்கிற பிசிறைச் சின்னக் கத்தியால் சீவி எடுப்பதுதான் பெண்களின் வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து மட்டும் எட்டுப் பத்துப் பேர் போனார்கள். அப்பா அம்மா காலத்தில் யாருடைய கழனியிலோ நாற்று நட்ட கைகள், இப்போது சிவப்பும் பச்சையுமாகச் சீப்பு சீவின. பல் ஒன்று குறைந்த சீப்பு, வளைந்துபோன சீப்பு எல்லாவற்றையும் பெண்களே எடுத்துக்கொண்டு போகலாம். ஆகவே அவர்கள் வீடுகளில் எது இல்லையென்றாலும் ஆளுக்கு நாலு சீப்பு இருந்தது.

பிடரியில் ஒரு சங்கடம் என்னவென்றால், அது நம் கண்ணுக்குத் தெரியாது. சாராள் கைக்கண்ணாடியை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தாள். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அதனால் அவள் புருஷன் யேசுதாஸிடம் அந்த வேலையை ஒப்படைத்தாள். யேசுதாஸ் ரைஸ் மில்லில் வேலை. சாது. மனைவி முகம் வாடினால் அவனுக்குச் சோறு இறங்காது. ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்புமுன் அவள் திரும்பி நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவன் விரலை வைத்து அளப்பது போலப் பாவனை செய்துவிட்டு ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"வளந்துகீது. போன வாரத்துக்கு இப்ப எவ்வளவோ தேவல."

அப்படி அவன் சொல்லச் சொல்ல, கணக்குப்படி அந்த முடி தோளுக்கு வந்திருக்க வேண்டும். கையால் தடவினால் பழைய நார்தான் குத்தியது. சாராளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன ஆனாலும் தன் பிடரியைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் துளசிராமன் சலூன் வைத்திருந்தார். முன்னால் ஒரு பெரிய கண்ணாடி, பின்னால் ஒரு பெரிய கண்ணாடி. யேசுதாஸ் முடி வெட்டிக்கொண்டு வந்து அந்தக் கண்ணாடிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தான். அது ஆண்கள் போகிற இடம். எழுபத்திரண்டில் அந்தப் பஜாரில் ஒரு பெண் சலூன் படி ஏறினாள் என்றால் நாலு கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சாராள் ஒரு சனிக்கிழமை வேலை விட்டதும் ரோசம்மாளைக் கூப்பிட்டாள். ரோசம்மாள் வாசல்வரை வந்து, உள்ளே வரமாட்டேன், வேண்டுமானால் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

உள்ளே ஒருவர் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். துளசிராமன் சவரக் கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

சாராள் தான் யேசுதாஸின் மனைவி என்று சொல்லி, வந்த காரியத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முடி வெட்ட வரவில்லை, ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். துளசிராமன் தலையைச் சொறிந்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி அவளுக்கு வழி விட்டார்.

சாராள் நடுவில் போய் நின்று பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எதிர்க் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் அவள் பிடரி, அதற்குப் பின்னால் மறுபடியும் முகம், மறுபடியும் பிடரி என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு பிடரியைப் பார்க்க வந்தவளுக்கு ஒரு ரயில் நிறையப் பிடரி கிடைத்தது. ஒன்றில்கூட முடி வளர்ந்திருக்கவில்லை. யேசுதாஸை நினைத்து முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது.

துளசிராமனுக்குத் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. கிட்டே வந்து, கை படாமல் குனிந்து பார்த்தார்.

"இது கொட்டல தங்கச்சி, ஒடையுது. கொட்னா வேரோட வந்துடும். இது பாதியில அறுத்த மாதிரி கீது. வேரெல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். பிறகு நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார். "தோ, சாருக்கும் இதே கததான். காலர் ஒரசுதுன்றாரு."

நுரைக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது. சாராள் அப்போதுதான் அந்தக் கண்களை உற்றுப் பார்த்தாள். கம்பெனி சூப்பர்வைசர் சுப்பிரமணி. சட்டைக் காலரை மூடுகிற மாதிரி பின்னால் முடி வளர்ப்பதுதான் அந்த வருஷத்து நாகரிகம். சுப்பிரமணி அதற்காக எத்தனையோ மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மேலே முடி புஸுபுஸுவென்று காதை மறைத்தது. பின்னால் மட்டும் காலரைத் தொடமாட்டேன் என்று நின்றது. சாராள், வணக்கம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ரோசம்மாளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அன்று வீட்டில் யேசுதாஸுக்கு நல்ல பூசை நடந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நீ வருத்தப்படக் கூடாது என்றுதான் சொன்னேன் என்றான். இனிமேல் பிடரியைப் பற்றி அவனிடம் கேட்பதே இல்லை என்று சாராள் சொல்லிவிட்டாள். அவனுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

மறுநாள் போதகர் வெளியூர் போயிருந்ததால் வேறொருவர் வந்து ஜெபம் மட்டும் நடத்தினார், பாடகர் குழு இல்லை. சாராள் எப்போதும் முன்னால் நிற்பவள், அன்றைக்குத் தாமதமாக வந்து கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்தாள். எல்லாரும் ஜெபத்துக்குத் தலை குனிந்தார்கள். முக்காடு நழுவின தலைகள் அவளுக்கு நேராக வரிசையாகத் தெரிந்தன. கண்ணை மூட வேண்டிய நேரத்தில் அவள் கண் விரிந்துகொண்டது.

ரோசம்மாளின் பிடரியில் அதே நார். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் அதே நார். அதற்கடுத்தவள் கழனி வேலைக்குப் போகிறவள், அவள் கழுத்தில் முடி வழவழவென்று படிந்து கிடந்தது. அதற்கடுத்தவளுக்கு நார், அவள் சீப்புக் கம்பெனி. மீன் விற்கிற கங்கம்மாவுக்கு வழவழ. சாராள் சபை முழுக்க ஒரு சுற்று பார்த்து முடித்தாள். யார் யார் சீப்புக் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். ஆமென் என்று எல்லாரும் தலை நிமிர்ந்தபோது அவள் மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனித் தண்ணீராக இருக்குமோ என்று முதலில் யோசித்தாள். ஆனால் யாரும் அங்கே தலை குளிப்பதில்லை. வீட்டுக்கு வந்து தலை வாரச் சீப்பை எடுத்தாள். கை அப்படியே நின்றது. பெட்டியிலிருந்து நைலான் புடவையை எடுத்து அதன் முந்தானையில் சீப்பை ஒரு இழுப்பு இழுத்தாள். இழை மாட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு பல்லுக்கும் நடுவே, அடியில், மீன் செதிலைப் போல ஒரு பிசிறு. வெளிப்பக்கப் பிசிறைத்தான் அவர்கள் கத்தி எடுத்தது. பல்லுக்கு நடுவே கத்தி நுழையாது. மேல் முடி தடிப்பு, எண்ணெய் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிடரி முடி பூனை முடி, வேர்வையில் சிக்குப் பிடித்துக்கிடக்கும். அங்கேதான் அழுத்தி அழுத்தி வாருவோம். வாரும்போதெல்லாம் செதில் அறுத்துவிட்டிருக்கிறது. கம்பெனியில் சேர்ந்த இந்த இரண்டு வருஷமாகத் தன் கையாலேயே தன் முடியை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை சுப்பிரமணியிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு ஒரே தயக்கம். கம்பெனிச் சீப்பைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று ரோசம்மாள் பயமுறுத்தினாள். மதியச் சாப்பாட்டு வேளையில் சுப்பிரமணி ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, பேன்ட் பின்பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துப் பிடரியை வாரிக்கொண்டிருந்தார். காலர் வரை முடியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வாருவார். சாராள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"சார், நீங்க தல வார்றது நம்ம சீப்புலதானே சார்?"

"ஆமா. ஏன், இன்னா?"

"அத்த கொஞ்சம் வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க சார். பல்லுக்கு நடுவுல."

சுப்பிரமணி சீப்பை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தைப் பல்லுக்கு நடுவே ஓட்டினார். நகம் மாட்டியது. அவர் சீப்பைப் பார்த்தார். சாராள் தன் பின்னலை விலக்கித் திரும்பி நின்று காட்டினாள். ரோசம்மாளும் வந்து திரும்பி நின்றாள். அவர்களைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்து வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள். சுப்பிரமணியின் கை தானாகத் தன் காலருக்குப் பின்னால் போயிற்று.

அச்சைக் கழற்றி மெட்ராஸுக்கு அனுப்பித் தேய்க்க வேண்டும் என்று அவர் முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி சௌகார்பேட்டையில் கடை வைத்திருந்தவர், நல்ல மனுஷர்தான். ஆனால் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அவருக்குச் சீப்பு என்பது விற்கிற பொருள், அவ்வளவே. சீப்பில் என்ன குறை, அறுபது பல்லும் இருக்கிறதே என்று கேட்டாராம். சுப்பிரமணி கடைசியில் வேறு வழியில்லாமல் அவருக்கும் முதுகைக் காட்டி நின்றாராம். அந்த வாரமே அச்சு லாரியில் ஏறியது. திரும்பி வந்ததும் முதல் சீப்பை சுப்பிரமணி எடுத்து நைலான் துணியில் இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சீப்பை அவர் சாராளிடம் கொடுத்து, இதை எடுத்துக்கொண்டு போம்மா என்றார். பல் ஒன்றும் குறையாத சீப்பு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் பிடரியைச் சாராள் பச்சைப் பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனித்தாள். முதலில் எண்ணெய் தொட்டு விரலாலேயே சிக்கெடுப்பாள். நுனியிலிருந்து தொடங்கி மேலே போவாள். கழுத்தோடு இழுத்துப் பின்னுகிற பின்னலைத் தளர்த்திவிட்டாள். முடி உடைவது நின்றது. வளரத் தொடங்கியது. ஆனால் வளருகிற முடிக்கென்று ஒரு குணம் இருந்தது. முறிந்து கிடந்தபோது அது ஏறுக்கு மாறாகச் சிலும்பிக்கொண்டிருந்தது. இப்போது எல்லா முடியும் ஒரே அளவில், ஒரே ஜோரில் எழுந்து நின்றது. ரயிலில் சீப்புக் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்தால், பிடரியில் நாற்று நட்ட மாதிரி இருந்தது. கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் ரோசம்மாளிடம், இது எங்கே செய்துகொள்கிற ஸ்டைல் என்று மரியாதையாகக் கேட்டாள். ரோசம்மாள் சற்றும் தயங்காமல், கம்பெனியில் சேர்ந்தால் தானாக வரும் என்று சொல்லிவிட்டாள்.

இந்த நிலைமையில் கிறிஸ்துமஸ் வந்தது. சாராள் விளக்கெண்ணெயை வைத்து வைத்து அழுத்தினாள். அதன்மேல் ஒரு வெள்ளை ரிப்பனைக் கட்டி முடிந்தாள். சர்ச் நிரம்பி வழிந்தது. எளாவூர், ஆரணி என்று வெளியூரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். புதிதாக ஒரு மின்விசிறி போட்டிருந்தார்கள், அது பாடகர் குழுவுக்கு நேர் மேலே சுற்றியது.

முதல் பாட்டு ஒழுங்காக முடிந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் ரிப்பன் நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையும் தாளத்தில் இருந்தது, பிடிக்க முடியவில்லை. ரிப்பன் தோளில் விழுந்து கீழே போயிற்று. காற்றில் பிடரி முடி மொத்தமும் ஒன்றாக எழுந்தது. பின் வரிசையில் ஒரு சிரிப்புத் தொடங்கியது. அது முன்னே முன்னே வந்தது. பாடகர் குழு சபையைப் பார்த்து நிற்கிறது அல்லவா, அவர்களுக்குச் சபை சிரிப்பது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. காரணம் தெரியாமலே அவர்களுக்கும் உதடு துடித்தது. ஆண்கள் வரிசையில் இருந்த தானியேல் உச்ச ஸ்தாயியில் எடுக்க வேண்டிய அடியை எடுக்காமல் களுக்கென்று சிரித்துவிட்டான். பாட்டு நின்றது.

சாராளுக்கு ஓடிப்போய்விடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் எதிரே பத்துப் பேர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நாள் அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பாடு நினைவுக்கு வந்தது. அவள் மெதுவாகத் திரும்பிச் சபையைப் பார்த்து நின்றாள்.

"நல்லா பாத்துக்கோங்க. இது வளந்துக்கினு கீது. சிரிச்சி முடிச்சிட்டு சொல்லுங்க, அப்பால பாடலாம்" என்றாள்.

முதலில் சிரித்தது போதகர்தான். பிறகு சர்ச்சே அதிர்ந்தது. ரோசம்மாள் எழுந்து நின்று, எங்களுக்கும்தான் வளர்கிறது என்று தன் முக்காட்டை விலக்கிக் காட்டினாள். சீப்புக் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் அதே மாதிரி செய்தார்கள். சிரிக்க வேண்டிய அளவுக்கு எல்லாரும் சிரித்துத் தீர்த்த பிறகு சாராள் திரும்பிக் கையைத் தூக்கினாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. இறுக்கம் போன தொண்டைகளில் அது எப்படிப் பொங்கி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். தானியேல் உயரத்தில் எடுத்த அடி கூரையைத் தொட்டது. சாராளுக்குத் தன் பிடரி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

அடுத்த வருஷத்து மழைக்காலத்துக்குள் பிடரி முடி பின்னலுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. எந்த நாளில் சேர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை, சாராளே கவனிக்கவில்லை. ஒரு நாள் தலை வாரி முடித்துக் கையால் தடவினாள், ஒன்றும் குத்தவில்லை, அவ்வளவுதான். சுப்பிரமணிக்கும் முடி காலரை மூடியது. அதற்குள் நாகரிகம் மாறி, பின்னால் ஒட்ட வெட்டுவது வந்துவிட்டது என்று துளசிராமன் அவருக்குச் சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. பட்ட பாட்டுக்கு ஒரு வருஷமாவது வைத்திருப்பேன் என்று காலருக்கு மேலே புரள விட்டுக்கொண்டு திரிந்தார்.

யேசுதாஸ் இதற்கிடையே பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டான். அங்கே நின்றால் மனைவியின் முகம்தான் தெரியும், பிடரி தெரியாது, யாரும் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. ஆனால் அவனுக்குச் சுருதி சுத்தமாக வராது. முதல் நாள் ஒத்திகையிலேயே சாராளின் காதுக்கு அது தெரிந்துவிட்டது. அவள் பாட்டை நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவன் தலைக்குமேலே இருந்த பல்லியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் அவனைக் கூப்பிட்டு, ஓர வரிசையில் கடைசியாக நிற்கச் சொன்னாள். வாயை நன்றாகத் திறக்க வேண்டும், கையில் பாட்டுப் புத்தகம் இருக்க வேண்டும், சத்தம் மட்டும் வரக் கூடாது என்றாள்.

"அது எனக்குக் கஷ்டமே இல்ல" என்றான் யேசுதாஸ். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் சத்தமாகப் பாடிக்கொண்டே நடந்தான். சாராள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.